வெளியான அன்றே போட்ட ஒன்பது மார்க்

கேள்வி: 15 வயதிலிருந்து ஒரே ராப்பரின் ரசிகன் நான். இப்போது எனக்கு 41. அவர் 12 வருடம் கழித்து ஒரு ஆல்பம் போட்டார், 16 பாட்டு. வெளியான அன்று தூங்காமல் கேட்டு, விடிவதற்குள் விமர்சனம் எழுதி, பத்துக்கு ஒன்பது மார்க்கும் போட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. இப்போது அதில் மூன்று பாட்டைத்தான் கேட்கிறேன், மற்றதை என்னை அறியாமலே தள்ளிவிடுகிறேன். அந்த மூன்றில் ஒன்று பதினோராவது பாட்டு. அதில்கூட ஒரு வரியின் நடுவே அவர் மூச்சு வாங்குவது அப்படியே கேட்கிறது, மிக்ஸில் கோட்டை விட்டிருக்கிறார்கள். என்னோடு எழுதும் 23 வயதுப் பையன் இந்த ஆல்பத்துக்கு நாலு மார்க் போட்டு, 'மாமாக்களுக்கான ஆல்பம்' என்று எழுதிவிட்டான். பெரிய பத்திரிகைகளில் ஒன்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது, இன்னொன்று களைத்துப்போன ஆல்பம் என்கிறது. யார் சொல்வது சரி? என் விமர்சனத்தை எடுத்துவிடலாமா, மார்க்கைக் குறைக்கலாமா? நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்:

உங்கள் கடிதத்தில் ராப்பரின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டேன். பெயரைப் பார்த்ததுமே படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள், நீங்கள் கேட்ட கேள்வி கூச்சலில் காணாமல் போகும். ஆல்பத்தை வந்தபோதே கேட்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னும் இரண்டு முறை கேட்டேன்.

நீங்கள் ஏமாறவில்லை. அன்று உங்களுக்குக் கிடைத்தது ஒரு செய்தி: ஆள் இருக்கிறார், குரல் இருக்கிறது, இன்னும் எழுதுகிறார். 12 வருடம் காத்திருந்தவருக்கு அந்தச் செய்திக்கு ஒன்பது மார்க் குறைவுதான். அந்த ஒன்பதைக் கொண்டுபோய் ஆல்பத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல்.

கம்பேக் ஆல்பம் வந்த முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். பாராட்டுகிறவர் 'இத்தனை வருடம் கழித்தும்' என்று தொடங்குவார். திட்டுகிறவர் 'இத்தனை வருடம் கழித்து இதுதானா' என்று தொடங்குவார். இரண்டு பேரும் எடை போடுவது வருடங்களைத்தான். முன்பெல்லாம் ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே விமர்சகர் கைக்கு ஒரு பிரதி வந்துவிடும், வைத்துக் கேட்க நாலு நாளாவது கிடைக்கும். இப்போது அந்த வசதி பல சமயம் இல்லை. 2018 ஆகஸ்ட் 31 அன்று எமினெம் 'காமிகாஸி'யை முன்னறிவிப்பே இல்லாமல் இறக்கினார். விமர்சகனும் ரசிகனும் ஒரே நேரத்தில் கேட்கத் தொடங்கினார்கள். அந்த அவசரத்தில் எழுதுகிறவனுக்குக் கையில் ஏற்கெனவே இருப்பது இடைவெளியின் கதை மட்டும்தான், அதை எழுதி அனுப்பிவிடுகிறான். நானும் செய்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

கம்பேக் என்ற சொல்லோடு ராப்புக்கு எப்போதுமே தகராறு. 1990இல் எல்எல் கூல் ஜே ஒரு பாட்டின் முதல் வரியிலேயே, இதைக் கம்பேக் என்று சொல்லாதே என்று அதட்டினார். அப்போது அவருக்கு வயது 22! முந்தைய ஆல்பம் வந்து ஒரே வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆள் 2024இல், 56 வயதில், 11 வருடம் கழித்து 'தி ஃபோர்ஸ்' என்ற ஆல்பத்தோடு வந்தார்.

சரி, யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே ஆளை இரண்டு முறை எடைபோட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்புத் தந்தவர் அமெரிக்க ராப்பர் ஜே-ஸி. 2003 நவம்பரில் 'தி பிளாக் ஆல்பம்' போட்டு, இதோடு ஓய்வு என்றார். மூன்றே வருடத்தில் 'கிங்டம் கம்' ஆல்பத்தோடு திரும்பி வந்தார். இடையில் டெஃப் ஜாம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 பிரதி விற்றது. பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை, கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் டாக்டர் ட்ரே, ஜஸ்ட் பிளேஸ், கான்யே வெஸ்ட், நெப்டியூன்ஸ் என்று தொடங்கி, கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் வரை பெரிய பந்தி. விமர்சனங்கள் மட்டும் சுரத்தில்லாமல் வந்தன. முப்பதைத் தாண்டியவனின் பக்குவம் என்று ஒரு பாட்டு முழுக்கப் பேசுகிறார். கேட்டுப் பார்த்தால், கிளப்பில் காசை இறைக்கிறவன் இல்லை, கிளப்பையே வாங்கியவன் நான் என்ற ரகப் பேச்சு. பக்குவம் என்ன விலை கொடுத்து வந்தது என்று அந்தப் பாட்டில் ஒரு வரி கிடையாது. 2013இல் அவரே தன் தனி ஆல்பங்களைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தியபோது 'கிங்டம் கம்'மைக் கடைசியில் வைத்தார். திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம், சுட்டுவிடாதீர்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

அப்புறம் 2017 ஜூன் 30 அன்று '4:44' வந்தது. வயது 47. பத்துப் பாட்டு, 36 நிமிடம், நோ ஐடி என்ற ஒரே புரொடியூசர். மனைவிக்குச் செய்த துரோகத்தை மழுப்பாமல் ஒத்துக்கொள்கிறார். அம்மா பெண்ணை நேசிப்பவர் என்பதையும், அதை மறைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்த வருடங்களையும் ஒரு பாட்டில் சொல்கிறார். அந்தப் பாட்டின் கடைசியில் அம்மாவே வந்து வாசிக்கிறார். 'கிங்டம் கம்' போட்ட ஜே-ஸியிடம் இதைவிட வேகமான நாக்கு இருந்தது. இந்த ஆல்பத்தை எழுத அவரால் முடிந்திருக்காது, ஏனென்றால் வாழ்க்கை அதுவரை வந்து சேரவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கிராமி இசை விருதுகளில் எட்டுப் பரிந்துரை, கையில் கிடைத்தது பூஜ்யம், அது வேறு கதை.

அதனால் மூத்த ராப்பரின் ஆல்பம் வந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: 25 வயதில் இவரால் சொல்லியிருக்கவே முடியாத ஒரு விஷயமாவது இதில் இருக்கிறதா? குரல் பழையபடி இருக்கிறதா, ஃப்ளோ, அதாவது தாளத்தின் மேல் சொல் ஓடும் ஓட்டம், ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பழையபடியே இருக்கிறார் என்பதை நம் ஊர்களில் எல்லாம் பாராட்டாகச் சொல்கிறோம். எனக்கு அது பல சமயம் குறையாகத்தான் படுகிறது.

2025 ஜூலையில் கிளிப்ஸ் சகோதரர்கள், அண்ணன் மாலிஸும் தம்பி புஷா டியும், 16 வருடம் கழித்து ஆல்பம் போட்டார்கள். போதைப்பொருள் வியாபாரத்தைச் சொல்லியே பெயர் வாங்கிய ஜோடி. முதல் பாட்டு அதைப் பற்றியது என்று நினைத்துப் போட்டால், அம்மாவின் சாவைத் தம்பி ஒரு வெர்ஸில் (பாட்டில் ஒருவர் தொடர்ந்து சொல்லும் பகுதி) சொல்கிறார், அப்பாவின் சாவை அண்ணன் அடுத்த வெர்ஸில் சொல்கிறார். கார் வாசலில் நிற்கிறது, அதனால் அப்பா உள்ளேதான் இருக்க வேண்டும். கதவைத் தட்டுகிறார். மூன்றாவது தட்டில் உடம்பு சில்லிட்டுப் போகிறது. சிலேடைக்குப் பேர்போன ஆள், அந்த இடத்தில் மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார். இருபதுகளில் இருக்கும் ஒருவர் இதை எழுதினால் கற்பனை என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்த 25 வயதுக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லையென்று நேர்மையாகச் சொன்னவரும் உண்டு. அவுட்காஸ்ட் ஜோடியில் ஒருவரான ஆந்த்ரே 3000, 2023 நவம்பரில் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டபோது அதில் ராப்பே கிடையாது, முழுக்கப் புல்லாங்குழல். 48 வயதில் எதைப் பற்றி ராப் செய்வது, கண்பார்வை மங்குவதையா, குடல் பரிசோதனைக்குப் போவதையா என்று பேட்டியில் கேட்டார். முதல் டிராக்கின் நீளமான தலைப்பிலேயே, ராப் ஆல்பம்தான் போட நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்ற பொருளில் சொல்லிவிட்டார். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். கண்பார்வை மங்குவதைப் பற்றி நல்ல ராப் வராது என்று யார் சொன்னது?

இப்போது என் தப்பு. 2009இல் எமினெம் ஐந்து வருடம் கழித்து 'ரிலாப்ஸ்' போட்டார். மாத்திரைப் பழக்கத்தில் சாவின் விளிம்புவரை போய் வந்தவர், 2006இல் நெருங்கிய நண்பர் ப்ரூஃப் சுடப்பட்டு இறந்திருந்தார், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆல்பத்தில் பாதிக்கு வேறு வேறு உச்சரிப்புகளை இழுத்து இழுத்துப் பாடியிருந்தார். நான் அன்றே உட்கார்ந்து அந்த உச்சரிப்பை நக்கலடித்து ஒரு பத்தி எழுதினேன், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுத்த வருடம் 'ரிகவரி'க்கு முன்னோட்டமாக வந்த பாட்டிலேயே, அந்த உச்சரிப்புகளை அளவுக்கு மீறி இழுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று எமினெமே ஒத்துக்கொண்டார். அப்போது எனக்கு ஒரே பெருமை. பல வருடம் கழித்து வேறு ஒரு கட்டுரைக்காக அதே ஆல்பத்தைப் பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் பிடித்துக் கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. சாதாரணமாகச் சொன்னால் எதுகை விழாத சொற்களை, உயிரெழுத்தைக் கொஞ்சம் நசுக்கி, கொஞ்சம் நீட்டி, வரிசையாக எதுகையில் உட்கார வைத்திருக்கிறார். அந்தக் கோணல் உச்சரிப்பு இல்லாமல் அந்த வேலை நடக்காது. இன்று ராப் எழுதுகிற இளைஞர்களில் அந்த எதுகைக்காகவே 'ரிலாப்ஸ்'ஸை வரி வரியாகக் கேட்கிறவர்கள் உண்டு. கிராமிக்காரர்கள் 'ரிலாப்ஸ்', 'ரிகவரி' இரண்டுக்கும் சிறந்த ராப் ஆல்பம் என்று பரிசு கொடுத்தார்கள். நான் ஒன்று சொன்னேன், பாடியவர் ஒன்று சொன்னார், பரிசு கொடுத்தவர்கள் ஒன்று சொன்னார்கள். இந்த மூன்றில் என்னுடையதுதான் சோம்பேறித் தீர்ப்பு.

மார்க்கைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. 'தி சோர்ஸ்' பத்திரிகை 1994இல் நாஸின் 'இல்மாட்டிக்'குக்கு ஐந்து மைக் கொடுத்தது, அவர்கள் கணக்கில் அதுதான் முழு மார்க். சரியான தீர்ப்புதான். ஆனால் அந்த ஐந்து மைக்கை அவர் அதற்கப்புறம் போட்ட ஆல்பம் ஒவ்வொன்றின் தலையிலும் வைத்து அழுத்தினார்கள். அவருக்கு முதல் கிராமி கிடைத்தது 2021இல்தான். பல விமர்சகர்களின் மார்க்கைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் போன்ற இணையதளங்களில் பார்க்கும் சராசரி இன்னும் மோசம். ஒருவர் 90 போட்டு இன்னொருவர் 40 போட்டால் 65 என்று காட்டும். 65 என்று யாருமே சொல்லவில்லை. உங்கள் ஒன்பதும் பையனின் நாலும் சேர்ந்து ஆறரை ஆவதில் யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பையனிடம் கோபப்படாதீர்கள். தலைப்பு மட்டமானது, அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அவனிடம் உங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, நினைவு இல்லாத காது. நாலாவது பாட்டில் முதல் ஆல்பத்தின் ஒரு வரி திரும்ப வருகிறதே, அங்கே உங்களுக்குச் சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் சிலிர்த்தது. அவனுக்கு அது சும்மா ஒரு வரி. அந்தச் சிலிர்ப்பைக் கொடுத்தது புதுப் பாட்டா, பழைய பாட்டா என்று யோசித்துப் பாருங்கள்.

நினைவைத் தாண்டியும் நிற்கிற ஆல்பம் எப்படி இருக்கும் என்றால், எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் 2016இல் போட்ட கடைசி ஆல்பத்தைக் கேளுங்கள். முந்தையது 1998இல் வந்தது. குழுவின் ஃபைஃப் டாக் 2016 மார்ச்சில் இறந்தார், ஆல்பம் நவம்பரில் வந்தது, அதுவும் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மூன்றாவது நாள். துக்கமும் அரசியலும் கலக்காமல் எழுதுவது அன்று கஷ்டம்தான். இன்று போட்டுப் பாருங்கள். க்யூ-டிப் ஒரு வரியைத் தொடங்க, ஃபைஃப் அதைப் பிடுங்கி முடிக்க, பாதி வார்த்தையில் இன்னொருவர் உள்ளே நுழைகிறார். ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது, க்யூ-டிப் தன் வீட்டு ஸ்டுடியோவுக்கு எல்லோரையும் வரவழைத்தார். அந்தக் குஷி, ஃபைஃப் இறந்ததே தெரியாதவன் காதிலும் விழும்.

உங்கள் ஆல்பத்துக்கு வருகிறேன். 16 பாட்டில் ஒன்பதில் விருந்தாளிகள். அதில் ஆறு பாட்டில் கடைசி வெர்ஸ் விருந்தாளியுடையது. ராப்பில் கடைசி வெர்ஸ் என்பது கேட்கிறவன் காதில் தங்குகிற இடம். வீட்டுக்காரர் அதை ஆறு முறை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றால், அவருக்கே தன்மேல் சந்தேகம் என்றுதான் எனக்குப் படுகிறது. விருந்தாளிகள் கூடினாலே குற்றம் என்று சொல்லவில்லை. டாக்டர் ட்ரே 16 வருடம் கழித்து 2015இல் 'காம்ப்டன்' போட்டபோது அதில் ஒரு படையே இருந்தது. அவர் ஆதியிலிருந்தே ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குகிற புரொடியூசர், அதனால் உறுத்தவில்லை. (வருடக்கணக்கில் எல்லோரும் காத்திருந்த 'டீடாக்ஸ்' ஆல்பத்தை, எனக்கே பிடிக்கவில்லை என்று சொல்லிக் கிடப்பில் போட்டவரும் அவர்தான். அந்த மாதிரி விமர்சகர் நமக்குள் எத்தனை பேர்?) உங்கள் ஆள் அப்படியில்லை. தனியாக நின்று 16 பார் (பார் என்பது நாலு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று) பேசியே பெயர் எடுத்தவர். நீங்கள் தள்ளிவிடும் 13 பாட்டில் இந்த ஒன்பதும் இருக்கின்றன, கவனித்தீர்களா? உங்கள் விரல் மூன்று வாரமாக விமர்சனம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த மூச்சு. வயதாகும்போது முதலில் குறைவது அதுதான். நாக்கு அல்ல. இளம் வயதில் நாலு பாரை ஒரே மூச்சில் சொன்னவர் இப்போது இரண்டாவது பாரின் முடிவில் காற்றைத் தேடுவார். மேடையில் வரியின் கடைசிச் சொல்லைக் கூட இருப்பவர் சேர்ந்து கத்தி மறைத்துவிடுவார். ஸ்டுடியோவில் பஞ்ச்-இன் செய்வார்கள்: பாதி சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டு, மீதியை அடுத்த டேக்கில் ஒட்டுவார்கள். காது வைத்துக் கேட்டால் தெரியும், ஒரு வரியின் கடைசி எழுத்து அடங்கும் முன்பே அடுத்த வரியின் முதல் எழுத்து ஏறிவிடும். ஒரு வாய்க்கு அது முடியாது. தப்பில்லை, இருபது வயதுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் ஆல்பத்தில் இரண்டாவது பாட்டிலும் ஏழாவது பாட்டிலும் இது ஏராளம். ஹெட்போனில் கேளுங்கள்.

பதினோராவது பாட்டில் அப்படி ஒரு ஒட்டுகூட இல்லை. ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கிடையாது, விருந்தாளி கிடையாது, பீட்டில் டிரம் வருவதே பாதிக்கு மேல்தான். அப்பாவின் ஏழு கட்ட மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிரப்புகிறார். எந்தக் கட்டத்தில் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போகிறார். வியாழக்கிழமைக்கு வரும்போது, வரியின் நடுவில், ஒரு மூச்சு. அப்புறம் வெள்ளி. மூச்சுச் சத்தத்தைத் துடைப்பது எடிட்டருக்கு ஒரு நிமிட வேலை. மற்ற 15 பாட்டிலும் சுத்தமாகத் துடைத்தவர்கள் இந்த ஒன்றில் மறந்துபோனார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. வைத்திருக்கிறார்கள். இதை நீங்கள் மிக்ஸ் கோளாறு என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் இன்னும் கேட்கிற மூன்று பாட்டில் ஒன்றாகவும் சேர்த்திருக்கிறீர்கள். 25 வயதில் அவரால் எழுதியிருக்க முடியாத பாட்டு இதுதான். இன்னும் இரண்டு இருக்கலாம். பதினாறில் மூன்று என்பது என் கணக்கில் ஒன்பது மார்க் ஆல்பம் இல்லை. ஆனால் அந்த மூன்றையும் பார்க்காமல் நாலு போட்டதும் நியாயமில்லை.

விமர்சனத்தை எடுக்க வேண்டாம். மார்க்கையும் தொட வேண்டாம். வெளியான அன்று ஒரு 26 வருட ரசிகனுக்கு அது எப்படிக் கேட்டது என்பதற்கு அது ஒரு பதிவு, தேதியோடு அப்படியே கிடக்கட்டும். கீழே இரண்டாவது ஒன்று எழுதுங்கள், இன்றைய தேதி போட்டு. முதல் வரியில் இடைவெளி, வருடம், திரும்பி வந்தார் என்ற சொற்கள் எதுவும் வரக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஒரு தடை போட்டுக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பீர்கள். அப்போது வியாழக்கிழமைக் கட்டத்தில் தொடங்குங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. பையனை ஒரு பகல் பொழுதில் கூப்பிட்டு உட்கார வைத்து, 16 பாட்டையும் வரிசை மாற்றிப் போடுங்கள். பேசக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் ஆளுக்கு ஐந்து பாட்டு தனித்தனித் தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். அவன் தாளில் பதினோராவது இருந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.